எலுமிச்சைக்கு எட்டாத மாங்கனீசு

எங்கள் எலுமிச்சைத் தோட்டம் தாராபுரம் வட்டாரத்தில், சுக்கான் கல் என்னும் சுண்ணாம்புக் கட்டி கலந்த செம்மண்ணில் இருக்கிறது. ஆடிக் காற்று அடங்கியபின் வந்த துளிர்ப்பில் இலைகள் வெளிறத் தொடங்கின. இலை சிறுக்கவில்லை, சுருளவும் இல்லை. அளவு சரியாக, வடிவமும் சரியாக இருந்தது. நிறம் மட்டும் கெட்டிருந்தது. நடு நரம்பையும் கிளை நரம்புகளையும் ஒட்டி அகலமான பச்சைப் பட்டை. அவற்றுக்கு இடையே வெளிர்ப் பச்சை. பட்டையின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இல்லாமல் மெல்லக் கலைந்து வெளிர் நிறத்தில் கரைந்தது. வெயில் படும் பக்கத்தைவிட நிழல் பக்கத்துக் கிளைகளில் இது தெளிவாகத் தெரிந்தது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, “உரம் பத்தவில்லை தம்பி, யூரியாவை ஒரு கை கூட்டிப் போடுங்கள்” என்றார். அவர் அனுபவத்தில் மஞ்சள் என்றால் தழைச்சத்துக் குறைவு. ஆனால் தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த இலை முதலில் வெளுக்கும். இலை முழுவதும், நரம்போடு சேர்ந்து வெளுக்கும். எங்கள் மரங்களில் அடி இலைகள் கரும்பச்சையாகவே இருந்தன.

எலுமிச்சையில் மஞ்சளைப் பார்த்துக் குறையைப் பிரிப்பது ஒரு தனிப் பழக்கம். ஒவ்வொரு தோட்டக்காரரும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மக்னீசியம் குறைந்தால் பழைய இலைகளில், காய் பிடித்த கிளைகளில், இலையின் அடிப்பகுதியில் மட்டும் ஆப்பு வடிவத்தில் பச்சை மிஞ்சும். இரும்பு குறைந்தால் கொழுந்து இலை வெளுத்து, வலைப்பின்னல் போன்ற மெல்லிய நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். முற்றினால் இலையே தந்த நிறமாகிவிடும். துத்தநாகம் குறைந்தால் இலை சிறுத்துக் குறுகி நிமிர்ந்து நிற்கும், கணு இடைவெளி சுருங்கும், பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையே வேறுபாடு பளிச்சென்று இருக்கும். மாங்கனீசு குறைந்தால் இலை முழு அளவுக்கு வளர்ந்துவிடும். நிறம் மட்டும் மங்கும். இதில் சிக்கல் என்னவென்றால், சுண்ணாம்பு மண்ணில் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு ஆகிய மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தே குறைகின்றன. ஒரே மரத்தில் ஒரு கிளை துத்தநாகத்தைக் காட்டும், இன்னொன்று மாங்கனீசைக் காட்டும். கண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

அதனால் மரத்தையே கேட்டுவிடலாம் என்று தீர்மானித்தேன். ஒரே மரத்தில், ஒரே வயதுத் துளிர் உள்ள கிளைகளாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் வேறு நிறத் துணி நாடாவைக் கட்டினேன். ஒன்றுக்கு ஜிங்க் சல்பேட் (துத்தநாக உப்பு) அரை சதவீதக் கரைசல். இன்னொன்றுக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) அரை சதவீதம், பழுப்பேறாமல் இருக்கச் சிறிது சிட்ரிக் அமிலம் சேர்த்தது. மூன்றாவதற்கு மக்னீசியம் சல்பேட் ஒரு சதவீதம். நான்காவதற்கு மாங்கனீசு சல்பேட் அரை சதவீதம். கடைசிக் கிளைக்கு வெறும் மழைநீர். அரை சதவீதம் என்றால் லிட்டருக்கு 5 கிராம். தெளிக்காமல், கிளையை வளைத்து இலைகளைக் கரைசலில் முக்கி எடுத்தேன். தெளித்தால் காற்றில் ஒன்று மற்றொன்றின் மீது பட்டுச் சோதனையே பொருளற்றுப் போகும். எல்லாக் கரைசலிலும் ஒரே அளவு ஒட்டும் திரவம் கலந்தேன். எலுமிச்சை இலையின் மெழுகுப் பூச்சில் வெறும் நீர் உருண்டு ஓடிவிடும் என்பதால் இது கட்டாயம்.

இரண்டு மூன்று வாரத்தில் விடை கிடைத்தது. மாங்கனீசுக் கிளையின் இளம் இலைகளில் நரம்பிடைப் பகுதி பச்சைக்குத் திரும்பியிருந்தது. துத்தநாகக் கிளையில் சிறிது தேற்றம் இருந்தாலும் மங்கல் போகவில்லை. இரும்பு, மக்னீசியம் இரண்டும் வெறும் நீருக்கு ஈடாகவே நின்றன. செலவு இருநூறு ரூபாய்க்குள் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் நுண்ணூட்டக் கலவையை மூட்டையாக வாங்கிக் கொட்டுவது எனக்கு ஒப்பாது.

அடுத்து மண். மரத்தின் நிழல் விளிம்பில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி எடுத்தோம். ஒரு சாணுக்குக் கீழே வெள்ளைச் சுக்கான் கட்டிகள் தட்டுப்பட்டன. இன்னும் ஆழத்தில், மழைக்காலத்தில் நீர் சிறிது தங்கும் படிவத்தில், மிளகு அளவில் கருமையான உருண்டைகள் இருந்தன. வெள்ளைக் கட்டியின் மீது எலுமிச்சைச் சாறு பிழிந்ததும் சுறுசுறுவென்று நுரைத்தது. அது கால்சியம் கார்பனேட். கருமை உருண்டையைப் பொடித்து, மருந்துக்கடையில் புண் கழுவ விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சில துளி விட்டேன். கட்டி முழுவதும் பொங்கியது. மாங்கனீசு ஆக்சைடு பெராக்சைடை வேகமாக உடைத்து ஆக்சிஜனை வெளியேற்றும். மண் ஆய்வாளர்கள் வயலிலேயே மாங்கனீசுப் படிவை அடையாளம் காண இந்த முறையைத்தான் கையாளுகிறார்கள். மட்கு நிறைந்த மேல்மண்ணும் பெராக்சைடில் நுரைக்கும் என்பதால், ஆழத்தில் கிடைக்கும் கருமை உருண்டையில் பார்ப்பதுதான் நம்பகமானது.

இந்த இரண்டு நுரைகளும் சேர்ந்து முழுக் கதையையும் சொல்லிவிட்டன. மாங்கனீசு எங்கள் மண்ணில் ஏராளம். மரத்துக்கு எட்டும் வடிவத்தில்தான் இல்லை.

வேர் எடுத்துக்கொள்வது இரட்டை மின்னேற்றம் கொண்ட மாங்கனீசு அயனியை, அதாவது நீரில் கரையும் வடிவத்தை. காற்றோட்டமுள்ள கார மண்ணில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து, கரையாத கரும் ஆக்சைடாக மாறிவிடும். மண் நுண்ணுயிர்கள் இந்த மாற்றத்தை இன்னும் விரைவாக்குகின்றன. கார அமில நிலையின் எண் (pH) ஒன்று கூடினால் கரையும் மாங்கனீசு ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகச் சரியும் என்பது வேதியியல் கணக்கு. 6 இருக்கும் நிலத்துக்கும் 8 இருக்கும் நிலத்துக்கும் உள்ள தூரம் அப்போது எவ்வளவு பெரிது என்று நினைத்துப் பாருங்கள்.

மண் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். இதில் கவனிக்க வேண்டியது உண்டு. துத்தநாகப் பூச்சுப் போட்ட வாளியும் துருப்பிடித்த மண்வெட்டியும் கூடாது; நுண்ணூட்ட எண்கள் குழம்பிவிடும். பிளாஸ்டிக் வாளியும் மூங்கில் குச்சியும் போதும். மாதிரியை நிழலில் உலர்த்த வேண்டும். கடும் வெயிலிலோ அடுப்புச் சூட்டிலோ காய வைத்தால், கரையாமல் கிடந்த மாங்கனீசில் ஒரு பகுதி கரையும் வடிவத்துக்கு மாறி, மண்ணில் சத்து இருப்பதாகப் பொய்க் கணக்குக் காட்டும். மற்ற சத்துகளில் இவ்வளவு மாற்றம் வருவதில்லை. மரப்பயிருக்கு மேல்மண் மட்டும் போதாது. அடி அடியாக இறங்கித் தனித்தனிப் பையில் எடுக்க வேண்டும். 2015 இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் அளக்கப்படும் பன்னிரண்டில் மாங்கனீசும் ஒன்று. அதனால் அதற்காகத் தனி ஆய்வகத்தைத் தேட வேண்டியதில்லை. அட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் அந்த வரியைப் படித்தால் போதும்.

அறிக்கையில் கார அமில நிலை 8.3. மாங்கனீசு 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) என்ற எல்லைக்குக் கீழே. லிண்ட்சே, நார்வெல் என்ற இருவர் 1978 இல் வெளியிட்ட டிடிபிஏ கரைசல் முறையில்தான் இந்த அளவு எடுக்கப்படுகிறது. சுண்ணாம்பு மண்ணுக்கென்றே வகுக்கப்பட்ட முறை அது. மண்ணில் உள்ள மொத்தத்தை அது அளப்பதில்லை; வேருக்குக் கிடைக்கக்கூடிய பங்கை மட்டும் காட்டும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

இவ்வளவு சிறிய அளவுக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர்களுக்கு: இலையில் ஒளி பட்டதும் நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியேற்றும் இடத்தில் நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் ஒரு கொத்தாக அமர்ந்திருக்கின்றன. அந்தக் கொத்தின் அமைப்பை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011 இல் படிக ஆய்வின் மூலம் அணு அணுவாகக் காட்டினார்கள். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய முழுவதும் இப்படிப்பட்ட கொத்துகளிலிருந்துதான் வந்தது. இந்த வேலையை வேறெந்த உலோகமும் மாங்கனீசுக்குப் பதிலாகச் செய்வதில்லை. செடிக்கு மாங்கனீசு இன்றியமையாதது என்பதை அமெரிக்காவின் கென்டக்கியில் மெக்ஹார்க் 1922 இல் நிறுவினார். இலை வெளுப்பதோடு கதை முடிவதில்லை. செல்சுவரைக் கெட்டிப்படுத்தும் லிக்னின் உருவாகவும், வெயிலின் அழுத்தத்தில் உருவாகும் நச்சு ஆக்சிஜனைத் தணிக்கவும் இதே சத்து வேண்டும். கோதுமையில் வேரழுகலை உண்டாக்கும் ஒரு பூஞ்சை, வேரைச் சுற்றியுள்ள மாங்கனீசைக் கரையாத ஆக்சைடாக மாற்றிவிட்டே உள்ளே நுழைகிறது. எதிராளியின் பலம் எங்கே என்பது அந்தப் பூஞ்சைக்குத் தெரிந்திருக்கிறது!

இனி மருத்துவம். மண்ணில் மாங்கனீசு சல்பேட்டைத் தூவினால் எங்கள் மண் அதைச் சில நாளில் ஆக்சைடாக்கி, ஏற்கெனவே உள்ள கரும் உருண்டைகளோடு சேர்த்துவிடும். கீலேட் வடிவில், அதாவது சத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு சேர்மத்தோடு சேர்த்துப் போடலாமே என்று உரக்கடையில் சொன்னார்கள். இடிடிஏ என்ற சேர்மம் பிடித்திருக்கும் கீலேட் மாங்கனீசை மண்ணில் இட்டால், மண்ணில் உள்ள கால்சியமோ இரும்போ அந்தப் பிடிக்குள் புகுந்து மாங்கனீசை வெளியே தள்ளிவிடும். விலையோ பல மடங்கு. இலைவழி கொடுப்பதற்கு அது பரவாயில்லை. சுண்ணாம்பு மண்ணுக்கு ஆகாது. ஆகவே முதலில் இலைவழி, பிறகு வேர்ப்பகுதி என்று வரிசைப்படுத்திக்கொண்டேன்.

பத்து லிட்டர் டேங்குக்கு 50 கிராம் மாங்கனீசு சல்பேட். நம் நாட்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒற்றை நீர் மாங்கனீசு சல்பேட்டில் குறைந்தது 30.5 சதவீதம் மாங்கனீசு இருக்க வேண்டும். மூட்டையில் இதைப் பார்த்து வாங்குங்கள். நல்ல சரக்கு இளஞ்சிவப்புச் சாயலில் இருக்கும், நீரில் வண்டல் விடாமல் கரையும். இலை கருகாமல் இருக்க 25 கிராம் நீற்றுச் சுண்ணாம்பைத் தனியே கரைத்து, தெளியவிட்டு, வடிகட்டிச் சேர்த்தேன். கலந்ததும் தெளித்துவிட வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் கரைசல் பழுப்பேறி வீணாகும். ஆழ்துளைக் கிணற்று நீரில் கலக்கக்கூடாது என்பது இன்னொரு முக்கியமான செய்தி. எங்கள் கிணற்று நீரில் பைகார்பனேட் அதிகம். ஒரு கண்ணாடிப் புட்டியில் அந்த நீரை எடுத்து மாங்கனீசு சல்பேட்டைக் கரைத்துப் பார்த்தேன். சிறிது நேரத்தில் கலங்கியது. பக்கத்துப் புட்டியில் மழைநீர்க் கரைசல் தெளிவாக நின்றது. மழைநீர் கிடைக்காதபோது சிறிது சிட்ரிக் அமிலம் விட்டுக் கிணற்று நீரின் காரத்தை முறித்துக்கொண்டு, அப்போது சுண்ணாம்பைத் தவிர்த்துவிட்டேன். மோனோ அம்மோனியம் பாஸ்பேட் போன்ற மணிச்சத்து உரத்தோடு இதைக் கலந்தால் டேங்கிலேயே வெண்படிவு இறங்கும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையோடும் சேர்க்கக்கூடாது.

தெளிக்கும் நேரம் மாலை. துளிர் இலை மூன்றில் இரண்டு பங்கு விரிந்த கட்டம். அந்தப் பருவத்தில் மெழுகுப் பூச்சு முழுமையாகத் தடித்திருக்காது, இலைப்பரப்பும் போதிய அளவு வந்திருக்கும். நுனி மொட்டில் தெளித்தால் ஒட்டும் பரப்பு இல்லை. முற்றிய இலையில் தெளித்தால் உள்ளே இறங்குவதில்லை. இலையின் அடிப்புறம் நனையும்படி விசைத்தெளிப்பானின் முனையைக் கீழிருந்து மேலாகப் பிடித்தோம். துத்தநாகமும் சற்றுக் குறைவு என்று கிளைச் சோதனை சொன்னதால் இரண்டாம் சுற்றில் ஜிங்க் சல்பேட்டையும் சேர்த்தேன்.

பச்சை திரும்பியது. ஐப்பசி மழைக்குப்பின் வந்த அடுத்த துளிர்ப்பு மீண்டும் வெளிறியே வந்தது. இது நான் எதிர்பார்த்ததுதான். இலைக்குள் போன மாங்கனீசு அங்கேயே தங்கிவிடும். மரப்பட்டை வழியே புதுத் தளிருக்கு இடம் பெயர்வது மிகவும் குறைவு. தெளிப்பு அந்த இலைக்கு மட்டுமே மருந்து. ஒவ்வொரு துளிர்ப்புக்கும் ஒரு தெளிப்பு என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த மழைக்காலத்தில் தோட்டம் வேறொன்றையும் காட்டியது. கிழக்கு மூலையில் நிலம் சற்றுத் தாழ்வு. மழை நீர் சில நாள் தேங்கும். அங்கே நின்ற மரங்களின் புதுத் துளிர் மேட்டு மரங்களைவிடப் பச்சை. நீர் தேங்கினால் மண்ணில் ஆக்சிஜன் தீரும். நுண்ணுயிர்கள் மூச்சுக்காக முதலில் நைட்ரேட்டையும், அடுத்து மாங்கனீசு ஆக்சைடையும், அதன்பின் இரும்பையும் பயன்படுத்தும். அப்போது கரும் ஆக்சைடு கரையும் அயனியாக அவிழ்கிறது. நன்செய் நெல்லுக்கு நம் பக்கத்தில் மாங்கனீசுக் குறை அரிதாக இருப்பதற்குக் காரணமும் இதுவே. எலுமிச்சைக்குத் தேங்கிய நீர் எமன் என்பதால் இந்த வழியை மருந்தாக்க முடியாது. அந்த மூலையில் வடிகால் வெட்டித்தான் விட்டேன்.

இதே வேதியியல் பஞ்சாபில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. மணற்பாங்கான நிலத்தில் நெல்லுக்காக நீர் கட்டியபோது மாங்கனீசு கரைந்து, நீரோடு வேர்ப்பகுதிக்குக் கீழே இறங்கிவிட்டது. நெல் அறுத்தபின் அதே வயலில் விதைத்த கோதுமையும் பெர்சீம் தீவனப்பயிரும் மாங்கனீசு இல்லாமல் வெளிறின. லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் கோதுமைக்குத் தருகிற பரிந்துரையும் அரை சதவீத மாங்கனீசு சல்பேட் தெளிப்புதான். முதல் பாசனத்துக்குச் சில நாள் முன்பு ஒரு தெளிப்பு, பிறகு வார இடைவெளியில் மேலும் சில. மண்ணில் போடுவது அங்கும் கட்டுபடியாகவில்லை.

வேர்ப்பகுதிக்கு வருகிறேன். தோட்டம் முழுவதையும் அமிலமாக்கும் எண்ணம் வேண்டாம். ஓர் ஏக்கரில் அரை அடி ஆழ மண் ஏறத்தாழ எட்டு லட்சம் கிலோ. அதில் ஒரு சதவீதம் சுண்ணாம்பு இருந்தால் எட்டு டன். நூறு கிலோ கால்சியம் கார்பனேட்டைச் சரிக்கட்ட 32 கிலோ கந்தகம் வேண்டும். ஆக இரண்டரை டன்னுக்கு மேல் கந்தகம், அதுவும் ஒரு சதவீதத்துக்கு! எங்கள் மண்ணில் சுண்ணாம்பு அதைவிட அதிகம். யார் வந்து எதை விற்றாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

எனவே சிறு சிறு புகலிடங்களாக அமைத்தேன். கிளை விளிம்புக்குக் கீழே, மரத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில், ஓரடி ஆழத்தில் குறுகிய பள்ளம். நன்றாக மட்கிய தொழுவுரம், கால் கிலோ கந்தகத் தூள், ஒரு கை அம்மோனியம் சல்பேட், நூறு கிராம் மாங்கனீசு சல்பேட் ஆகியவற்றைக் கலந்து அதில் இட்டு மூடினேன். கந்தகத்தை நுண்ணுயிர்கள் கந்தக அமிலமாக மாற்றும். அதற்கு ஈரமும் வெதுவெதுப்பும் சில வாரங்களும் வேண்டும். அம்மோனியம் சல்பேட் நைட்ரேட்டாக மாறும்போது தானும் அமிலத்தை வெளிவிடும். அம்மோனிய வடிவில் தழைச்சத்தை உறிஞ்சும் வேரும் தன் சுற்றுப்புறத்தைப் புளிக்கச் செய்யும். அதனால் யூரியாவின் ஒரு பகுதியை நிறுத்தி, அம்மோனியம் சல்பேட்டுக்கு மாறிவிட்டேன். அடுப்புச் சாம்பலை மரத்தடியில் கொட்டும் வழக்கத்தையும் வீட்டில் சொல்லி நிறுத்தியாயிற்று.

சொட்டுநீர்க் குழாயின் வாய்களையும் கவனித்தேன். ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளைப் பொருக்கு. அந்த நீர் சொட்டுகிற இடத்தில்தான் ஊட்ட வேர்கள் அடர்ந்திருக்கின்றன. நாம் தினமும் அங்கேயே சுண்ணாம்பை ஊற்றிக்கொண்டிருக்கிறோம். மழைநீர்க் குட்டையில் நீர் இருக்கும் மாதங்களில் அதிலிருந்தே பாய்ச்சுவதென்று குழாயை மாற்றி இணைத்தோம்.

பள்ளம் எடுத்த மரங்களில் தை மாதத் துளிர்ப்பு தெளிவாக மேம்பட்டிருந்தது. ஒரு பள்ளத்தைத் தோண்டிப் பார்த்தபோது வெள்ளை நிற ஊட்ட வேர்கள் மட்குக்குள் பின்னியிருந்தன. முழுப் பச்சை இன்னும் வரவில்லை. தெளிப்பை ஒவ்வொரு துளிர்ப்புக்கும் தொடர்கிறேன். மரத்தின் மற்ற இரு பக்கங்களில் அடுத்த ஆடிக்கு முன் பள்ளம் எடுக்க வேண்டும்.

அளவுக்கு மேல் போகலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. மாங்கனீசு மிஞ்சினால் இரும்பின் வேலையைக் கெடுக்கும். இலையில் பழுப்புப் புள்ளிகள் விழும். கார அமில நிலை 5.5 க்குக் கீழே போகும் அமில மண்ணில் குறை வராது, நஞ்சுதான் வரும். அங்கே மருந்து சுண்ணாம்பு. நீலகிரியின் தேயிலை இதில் விதிவிலக்கு. அமில மண்ணில் வளர்ந்து, முதிர்ந்த இலையில் ஆயிரம் பிபிஎம்முக்கு மேல் மாங்கனீசைச் சேர்த்து வைத்துக்கொண்டும் நலமாக நிற்கும். எலுமிச்சை இலைக்கு 25 முதல் 100 பிபிஎம் போதும்.

இலை ஆய்வுக்கு அனுப்புபவர்கள் காய் இல்லாத கிளையிலிருந்து நான்கு முதல் ஆறு மாத வயதுள்ள இலைகளை எடுக்க வேண்டும். மாங்கனீசு தெளித்த இலையை அனுப்பினால் மேலே ஒட்டியிருப்பதும் சேர்ந்து எண்ணில் ஏறும். கழுவினாலும் முழுதும் போகாது. பூஞ்சணத்துக்கு மான்கோசெப் தெளித்திருந்தாலும் இதே சிக்கல்தான். அந்த மருந்திலேயே மாங்கனீசும் துத்தநாகமும் உண்டு. நான் இதற்காகவே ஒரு வரிசையை எதுவும் தெளிக்காமல், பள்ளம் மட்டும் எடுத்து விட்டு வைத்திருக்கிறேன். அந்த வரிசையின் இலைகள் இந்தச் சித்திரையில் ஆய்வகத்துக்குப் போகும்.